கைசு அத்தையின் தலையில் வெந்த முட்டை

கோர்பிலம்பி,
ஜூலை 6

அன்புள்ள மகள் எல்வீராவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அப்பாவும், மூன்றாவதாக வந்து ஒட்டிக்கொண்ட உன் கைசு அத்தையும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும், உன் தலையில் இன்னும் உதிராமல் மிச்சமிருக்கும் முடியும் சுகம்தானா? போன ஞாயிறு நீ போனில் அழுதது என் காதிலேயே இருக்கிறது. "சீப்பு வெச்சா கையோட வருதும்மா, அத்தை முடி நல்லாயிடுச்சுன்னு அப்பா சொன்னாரே, என்ன செஞ்சீங்க, அதச் சொல்லு" என்றாய். போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தை முடி நல்லாயிற்று என்று உன் அப்பா சொன்னது உண்மைதான், ஆனால் உண்மையில் ஒரு கால்வாசிதான். மீதி முக்கால்வாசியை நான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் வீட்டுச் சேதி. உன் அப்பாவின் இடுப்பு வலி விறகு அடுக்கும் நாளில் மட்டும் வருகிறது, மீன் பிடிக்கும் நாளில் வருவதில்லை, டாக்டருக்கே பிடிபடாத வியாதி. உருளைக்கிழங்கு பூத்துவிட்டது. பூனை மறுபடியும் குட்டி போட்டிருக்கிறது, யாருக்காவது வேண்டுமா என்று ஆலயத்தில் கேட்டேன், குட்டிகளுக்காக ஜெபிக்க எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், எடுத்துக்கொண்டு போக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். பின்னால் பெர்த் நகரத்துக் கடல், முன்னால் நீ, உன் தலையில் ஒரு வைக்கோல் கட்டு. உன் அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "அங்க ஆடு வளக்குறாளா?" என்று கேட்டார். உனக்குப் பதினைந்து வயதில், திடப்படுத்தல் ஆராதனைக்கு முந்தின நாள், குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு முடி வெளுக்கும் இந்த வேலையை நீ ஆரம்பித்தாய். மறுநாள் பலிபீடத்தின் முன்னால் வெள்ளை அங்கியோடு வரிசையாக முழங்காலிட்ட பெண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே தலை, ஒரே பெட்டியில் பொரித்த கோழிக்குஞ்சுகள் போல. போதகர் உங்கள் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டது அதனால்தான், அவருக்கு வயதானதால் அல்ல. நம் குடும்பத்துக்கு ஆண்டவர் கொடுத்தது மண்ரோட்டு நிற முடி, ஊரில் அதற்குப் பெயரே அதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பின்லாந்தில் பாதிப் பேர் தலை அப்படித்தான். ஆனால் வெளியூர்க்காரர்கள் நம் எல்லாருக்கும் பிறவியிலேயே தங்க முடி என்று நினைக்கிறார்களாம், பாவம் அவர்கள் ஏமாந்துபோகக் கூடாதே என்று நாமும் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூசிக்கொள்கிறோம்.

உன் அத்தை வந்தது மார்ச் மாதம். கயானியில் அவள் இருக்கும் அடுக்குமாடியில் பழைய தண்ணீர்க் குழாய்களையெல்லாம் பிடுங்கி எடுத்துப் புதிது போடுகிறார்கள், கோடை வரைக்கும் குளிக்கவும் முடியாது, சமைக்கவும் முடியாது, எனவே தம்பி வீடு. இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள், ஒன்றில் துணிமணி, இன்னொன்றில் தலை. தலை என்றால் வெளுக்கும் மருந்து, சுருட்டும் கம்பி, ஊதும் இயந்திரம், தூக்கி நிறுத்திய முடி விழாமல் இருக்க அடிக்கிற ஸ்ப்ரே டப்பாக்கள், அடித்தால் அந்த அறையில் ஈ கூடப் பறக்காது. முப்பது வருடமாக வெளுத்த முடி அது, பார்த்தால் தங்கம், தொட்டால் கதவடியில் போடும் கால்மிதி. ஏப்ரலில் ஒரு நாள் வாசலில் பனி வாரிக் கொட்டிவிட்டு உள்ளே வந்து கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். தொப்பி வந்தது, கூடவே காதோரத்து முடியும் வந்தது. தொப்பிக்குள் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் எத்தனை குத்தலாகப் பேசினாலும் சிரித்துக்கொண்டே திருப்பிக் குத்துகிற மனுஷி, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "ஜூஹன்னுஸ் பண்டிகைக்குள்ள இது சரியாகணும் சைமி, எப்படியாவது சரியாகணும்" என்றாள். அறுபத்தொரு வயதில் நடுக்கோடைப் பண்டிகைக்கு என்ன அவசரம் என்று கேட்டேன். அப்போதுதான் என்சியோவைப் பற்றிச் சொன்னாள்.

உனக்கு அவரைத் தெரியாது. ஏரிக்கு அக்கரையில் வலை போட்டு மீன் பிடிப்பவர், மனைவி இறந்து ஆறேழு வருடம் இருக்கும். கோடைச் சனிக்கிழமைகளில் ஏரிக்கரை மரக் கொட்டகையில் இருக்கும் நடன மேடைக்கு வருவார். உன் அத்தையும் நகரத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள், அது எனக்குத் தெரியும், ஆனால் நான் கேட்டதில்லை, நடன மேடை விஷயத்தைக் கேட்பதும் பாதி நடனம்தான் என்று என் எண்ணம். அங்கே இன்றைக்கும் பெண்கள் ஒரு சுவரோரம், ஆண்கள் எதிர்ச் சுவரோரம், இசை ஆரம்பித்ததும் ஆண்பிள்ளை நடுத்தளத்தைக் கடந்து வந்து தலை குனிந்து கூப்பிட வேண்டும். நாலு கோடையாக என்சியோ முதல் டாங்கோவுக்கு நேரே வந்து நிற்பது உன் அத்தையின் முன்னால்தான். நாலு கோடையில் அவர் பேசியது நாலு வாக்கியம் இருந்தால் அதிகம், அதில் இரண்டு வானிலை. போன வருடக் கடைசி நடனத்தன்று மட்டும், "வர்ற ஜூஹன்னுஸ் அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நம் ஊர் ஆண்பிள்ளை, ஒரு கேள்வியைக் கேட்பதற்கு முன் குளிர்காலம் முழுவதும் அதை மீன் மாதிரி உப்பில் ஊறப்போட வேண்டியிருக்கிறது. "அத்தனை பொம்பளைங்க நிக்கிற இடத்துல தூரத்துலேர்ந்தே என் தலை தங்கமாத் தெரியும்ல, அதப் பாத்துத்தான் நேரா வருவார். இது போச்சுன்னா என்னை எதை வெச்சு அடையாளம் கண்டுபிடிப்பார்?" என்று கேட்டாள். என்ன கேட்பார் என்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை, தேடி வருவாரா என்பதுதான் கவலை. நான் சிரிக்கவில்லை, எல்வீரா. சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

வைத்தியத்தை ஆரம்பித்தோம். ஏதோ ஒரு பத்திரிகையில் அத்தை படித்தாள், முட்டை மஞ்சள் கருவை எண்ணெயில் குழைத்துப் பூசிக்கொண்டு தலையைக் கதகதப்பாக வைத்திருந்தால் சத்து முடிக்குள் இறங்குமாம். உலகத்தில் வேறெந்த ஊர்ப் பெண்ணும் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நம் வீட்டில் கதகதப்பான இடம் எது? அன்றைக்கு நம் சவுனா நாளான சனிக்கிழமை வேறு. உன் அத்தை முட்டைத் தலையோடு சவுனா நீராவி அறைக்குள் நுழைந்து, மேல்தட்டில் ஏறி உட்கார்ந்து, சத்து வேகமாக இறங்கட்டும் என்று கொதிக்கும் அடுப்புக் கல்லின் மேல் இரண்டு அகப்பைத் தண்ணீரும் ஊற்றினாள். முட்டை என்ன செய்யும், வெந்தது. நான் கீழ்த்தட்டில் உட்கார்ந்து மனதுக்குள் ஒரு கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தவள், வாசனை வந்ததும் சமையலறையில் எதையோ அடுப்பில் மறந்துவிட்டேன் என்று எழுந்து ஓடினேன். வெளியே தன் முறைக்காகத் துண்டோடு காத்திருந்த உன் அப்பா கதவைத் தட்டி, "யாரு உள்ள ஆம்லெட் போடுறது? உப்பு போட்டாச்சா?" என்றார். "வாயை மூடிட்டுப் போடா தவுனோ!" என்று அத்தை உள்ளிருந்து கத்தினாள். பிறகு படிக்கட்டில் அவளை உட்கார வைத்து முட்டையைத் துணுக்குத் துணுக்காகப் பொறுக்கி எடுத்தோம், ஒவ்வொரு துணுக்கும் போகும்போது துணைக்கு நாலு முடியையும் அழைத்துக்கொண்டு போயிற்று, கோழிகள் வந்து காலடியில் நின்று வேடிக்கை பார்த்தன. கணக்குப் புத்தகத்தில் அந்த முட்டைகளை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை, சாப்பாடும் இல்லை, மருந்தும் இல்லை, கடைசியில் "கைசுவின் தலை" என்றே எழுதினேன்.

இதற்கு மேல் பத்திரிகையை நம்பக் கூடாது என்று, நூலக வண்டி வந்த அன்று முடியைப் பற்றி ஒரு புத்தகம் கேட்டு வாங்கினேன். மேல்படிப்பு படிக்காத குறையை நான் அந்த வண்டியில்தான் தீர்த்துக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியும், ஓட்டுநர் என்னைப் பார்த்து, "போன தடவ தேனீ, இந்தத் தடவ முடியா?" என்று கேட்டார். படித்ததைச் சொல்கிறேன், உனக்கும் உதவும். முடியின் மேல் பைன் காயில் இருப்பது போலச் செதில் செதிலாக மூடி இருக்கிறதாம். வெளுக்கும் மருந்து அந்தச் செதிலைத் தூக்கி உள்ளே இருக்கும் நிறத்தைக் கரைக்கிறது, கரைக்கும்போது வலுவையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு போகிறது. அதற்குப் பிறகு செதில் முழுதாக மூடுவதில்லை, காய்ந்த பைன் காய் மாதிரி விரிந்தே கிடக்கும், ஒன்றோடொன்று சிக்கும், உள்ளே ஈரம் நிற்காது, வெளியே இருப்பதெல்லாம் உள்ளே போகும். நம் வீட்டில் வெளியே இருப்பது என்ன? கிணற்றுத் தண்ணீர். தொட்டியில் துருக்கறை பிடிக்க வைக்கும் அந்த இரும்புத் தண்ணீரில் குளித்துக் குளித்து மே மாதம் அத்தையின் தலை நம் பழைய டிராக்டரின் நிறத்துக்கு வந்துவிட்டது. போதாததற்கு உன் அப்பாவின் தார்ச் சோப்பைத் தேய்த்திருக்கிறாள், அது படகுக்கும் அவருக்கும்தான் ஒத்துவரும். உடனே சோப்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, அதை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தேன், டிராக்டர் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஆனால் உடைவது நிற்கவில்லை. பிறகு டவுனில் முடி வெட்டும் மிர்வாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தலையில் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வழித்தது, இவளிடமா புத்தி கேட்க வந்தோம் என்று நினைத்தேன். அத்தையின் ஒரு முடியை நனைத்து இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள், ரப்பர் போல நீண்டு, திரும்பிச் சுருங்காமல் அறுந்தது. "இது இனி ரிப்பேர் ஆகாது கைசு, வெளிய வந்த முடி செத்த சாமான், அதுக்கு உயிர் குடுக்க என்னால முடியாது. இருக்கிறத உடையாம பாத்துக்கலாம், புதுசா வர்றதக் கெடுக்காம விடலாம், அவ்வளவுதான்" என்றாள். சொன்னதோடு விட்டாளா, உயிர் கொடுக்க முடியாது என்ற அதே வாயால் ஒரு டப்பாக் களிம்பையும் விற்றாள், அதன் மேல் "உங்கள் முடியின் ஆன்மாவைப் புதுப்பிக்கும்" என்று எழுதியிருந்தது. ஆன்மாவைப் புதுப்பிப்பது யாருடைய வேலை என்று எனக்குத் தெரியும், அவர் அதை டப்பாவில் அடைத்து விற்பதில்லை. இருந்தாலும் களிம்பு நன்றாகத்தான் வழுக்கியது, சீப்பு சிக்காமல் போயிற்று, அதை மறைப்பது பொய் சாட்சி ஆகும்.

அன்றிலிருந்து அத்தை நல்ல பிள்ளை ஆனாள். வெளுக்கும் மருந்து இல்லை, சுருட்டும் கம்பி இல்லை, ஸ்ப்ரே இல்லை. வாரம் ஒரு தடவை குளியல், நுரை மண்டையில் மட்டும், களிம்பு நுனியில் மட்டும். துண்டால் தேய்ப்பது கிடையாது, ஒற்றி எடுப்பதுதான். சீப்பு நுனியிலிருந்து ஆரம்பித்து மெல்ல மேலே ஏற வேண்டும், மேலேயிருந்து இழுத்தால் கையைத் தட்டுவேன். என் பழைய கோட்டின் உள்பக்கத்து வழுவழுப்புத் துணியைப் பிரித்துத் தலையணை உறை தைத்துக் கொடுத்தேன். சவுனாவுக்குப் போகும் முன் முடியை நனைத்து, அதன் மேல் கம்பளித் தொப்பியையும் நனைத்துப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஸ்ப்ரே இல்லாத முடி காதோரம் தொங்கிற்று. "இது தலையா, ஏரிக்கரைக் கோரப்புல்லா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்பாள். "அண்ணி, மனுஷன் தலையில இருக்கிற ஒவ்வொரு முடிக்கும் ஆண்டவர்கிட்ட கணக்கு இருக்கு, கவலப்படாதீங்க" என்று நான் சொன்னால், "அப்ப என் பக்கத்துல அவருக்கு அழிச்சு எழுதுற வேலதான்" என்பாள். அவள் நாக்கை எந்த மருந்தாலும் வெளுக்க முடியாது. ஆனாலும் நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், தலையணையில் உதிர்ந்து கிடப்பது குறைந்தது, சீப்பில் வருவதும் குறைந்தது. ஒரே ஒரு சங்கடம், அடியிலிருந்து வளர்ந்தது தங்கம் இல்லை. நரை. ஜூன் நடுவில் அவள் தலை மேலே சாம்பல், கீழே மஞ்சள், பாதி எரிந்த வைக்கோல் போர் மாதிரி நின்றது.

பண்டிகை நாள் காலையில் சமையலறைக்குள் வந்தால் மேசை மேல் ஒரு புதுப் பெட்டி, அதில் சிரிக்கும் ஒரு பெண்ணின் தங்கத் தலை. அத்தை கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஒரே ஒரு தடவ சைமி. இன்னிக்கு சாயந்தரம் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும், நாளைக்கு மொட்டையானாலும் பரவாயில்ல" என்றாள். நான் கத்தவில்லை. "போடுங்க அண்ணி, ஆனா மொதல்ல ஒரு கொத்துல போட்டுப் பாருங்க" என்றேன், மிர்வா சொல்லியிருந்தாள். கழுத்தோரம் ஒரு கொத்தில் பூசினோம். காத்திருந்தோம். கழுவும்போது அந்தக் கொத்து கழுத்தை விட்டு அவள் கைக்குள் வந்துவிட்டது, அதிகமாக வெந்த சேமியா போலக் குழைந்து. அத்தை அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு பெட்டியை மூடி, "வெட்டிடு" என்றாள். மிர்வாவின் கடை பண்டிகைக்குப் பூட்டியிருந்தது, அன்றைக்கு நாட்டில் எது திறந்திருக்கிறது? வீட்டில் இருந்தது என் கத்தரிக்கோல். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வெட்டு, கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பாவுக்கு வெட்டுகிற வெட்டு. மஞ்சள் எல்லாம் தரையில் விழுந்த பிறகு நிமிர்ந்து பார்த்தேன், ஆண்டவரே, நாற்காலியில் உட்கார்ந்திருந்தது உன் அப்பா, காதில் முத்துத் தோட்டோடு. அந்த நேரம் பார்த்து அசல் உன் அப்பா உள்ளே வந்தார். அக்காவைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "இனிமே ஷேவ் பண்ணக் கண்ணாடி வேணாம், அக்கா முன்னாடி உக்காந்தாப் போதும்" என்றார். அத்தை கையுறையைக் கழற்றி அவர் மேல் எறிந்தாள்.

போகவே மாட்டேன் என்று மாலை வரை அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். நான்தான் கார் சாவியை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்கே விளங்கவில்லை, நடனத்துக்கு ஒருத்தியை ஏற்றிக்கொண்டு போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உன் அப்பா ஏரிக்கரையில் பண்டிகைச் சொக்கப்பானைக்குக் காவல் போய்விட்டார். அத்தை தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள், மேடை வாசலில் இறங்கியதும் அதை அவிழ்த்து என் மடியில் போட்டுவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள். நான் காரிலேயே இருந்து ஜெபப் புத்தகம் படிப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் காருக்குள் கொசு. இறங்கி, மேடையின் திறந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு புதர் ஓரம் நின்றேன். ஆண்டவரே, கண்ணை மட்டும்தான் உள்ளே விட்டேன், கால் இரண்டும் வெளியேதான் இருந்தன.

முதல் டாங்கோ ஆரம்பித்தது. என்சியோ எதிர்ச் சுவரில் நின்றார், சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி, தலையில் ஒற்றை முடி கிடையாது. பெண்கள் வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். அவர் கண் உன் அத்தையைக் கடந்து போயிற்று. திரும்பி வந்தது, மறுபடியும் கடந்து போயிற்று. பிறகு மனுஷன் தளத்தைக் கடந்து நேரே நடந்து, கோடை வீட்டுக்கு வந்திருக்கும் யாரோ ஒரு வெளியூர்த் தங்கத் தலைக்கு முன்னால் போய்க் குனிந்தார். நிமிர்ந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார். ஆனால் குனிந்தது குனிந்ததுதான், நம் மேடைகளில் கூப்பிட்டவளை விட்டுவிட்டுத் திரும்ப முடியாது, இரண்டு பாட்டு முடிய ஆடி, அவளைப் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி நன்றி சொன்னால்தான் விடுதலை. அந்த இரண்டு பாட்டும் அவர் வெளியூர்க்காரியின் தோளுக்கு மேலாக வரிசையைத் தேடிக்கொண்டே ஆடினார், அவள் காலை வேறு மிதித்தார். உன் அத்தை சுவரோரம் நின்றாள். இரண்டு பக்கத்துப் பெண்களும் போய்விட்ட பிறகு அவள் தனியாக நின்றது என் இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. அந்த நேரம் எனக்கு நடன மேடைமேலும் கோபம் வரவில்லை, டாங்கோமேலும் வரவில்லை, பெட்டியின் மேல் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்மேல் வந்தது.

அடுத்து சுவரில் பெண்கள் கூப்பிடும் முறைக்கான விளக்கு எரிந்தது. அத்தை கிளம்பினாள். நடுத்தளத்தைக் குறுக்கே கடந்து போய் என்சியோ முன்னால் நின்று தலை குனிந்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "தவுனோ?" என்றாராம். இதை அத்தை காரில் சொன்னபோது நான் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. "தவுனோ இல்ல, அவன் அக்கா" என்றிருக்கிறாள். முதல் பாட்டு முழுவதும் ஆடினார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவில் நின்றபோது, "தும்மல் வரல" என்றார். "என்னது?" என்று கேட்டாள். "நாலு வருஷமா உங்ககூட ஆடறப்பல்லாம் தலையிலேர்ந்து வர்ற அந்த ஸ்ப்ரே வாசனைக்கு மூக்கு அரிச்சுக்கிட்டே இருக்கும். வாயத் தொறந்தா தும்மிடுவேன்னு இறுக்க மூடிக்கிட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டே ஆடினேன். அதான் ஒண்ணும் பேச முடியல." நாலு கோடையாக அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆடியதை உன் அத்தை கூச்சம் என்றும் கண்ணியம் என்றும் நினைத்து உருகியிருக்கிறாள். "அப்புறம் எதுக்கு என்கிட்டயே வந்தீங்க?" என்று கேட்டாளாம். "நீங்க மட்டுந்தான் காலை மிதிக்க மாட்டீங்க" என்றாராம். அதற்கு மேல்தான் உப்பில் ஊறிய அந்தக் கேள்வி வெளியே வந்தது. இலையுதிர் காலத்து மீனுக்கு வலை இழுக்க இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் இழுக்க, தான் தனியாகச் செய்து தோள்பட்டை போய்விட்டது, வர முடியுமா. இவ்வளவுதான். சிரிக்காதே, உன் அப்பா என்னிடம் கேட்டது இதைவிடச் சின்னது, "விறகு ரெண்டு பேருக்குப் போதுமான அளவு இருக்கு" என்றார், அதில் கேள்விக்குறி கூட இல்லை. அத்தை, "வரேன், ஆனா மீன் நான் கழுவ மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர், "அத நானே செய்வேன்" என்றாராம். இப்போது கயானியில் குழாய் வேலை முடிந்துவிட்டது என்று கடிதம் வந்திருக்கிறது, அத்தை அதைப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடியும் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறாள்.

இன்னொரு கூத்தும் சொல்ல வேண்டும். பண்டிகைக்கு மறுவாரம் ஆராதனைக்கு என்னோடு வெறுந்தலையோடு வந்தாள். திங்கட்கிழமை காலையில் நம் சபைப் பெண்களில் ஒருத்தி மீன் அடைத்த ரொட்டியோடு வாசலில் நிற்கிறாள், கண்ணில் நீர். செவ்வாய்க்கிழமை இன்னொருத்தி ஏலக்காய் ரொட்டி. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அத்தையின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். பிறகுதான் எனக்கு விளங்கிற்று, அத்தைக்குப் புற்றுநோய், மருந்தில் முடி கொட்டிவிட்டது என்று ஊரே முடிவு கட்டியிருக்கிறது. முப்பது வருடம் அவள் இங்கே வரும்போதெல்லாம் அந்தத் தங்கத் தலையைப் பின் பெஞ்சிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தவர்கள், ஒரு வாய்க் காபி கொடுத்தது கிடையாது, தலை போனதும் தட்டுத் தட்டாக அன்பு வருகிறது. "உண்மையச் சொல்லிடுங்க அண்ணி" என்றேன். "அந்தப் போதகர் சம்சாரம் பெர்ரிப் பழக் கேக் நல்லாச் செய்வாளாமே, அவ வந்துட்டுப் போகட்டும்" என்றாள். நான் விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு காபி மேசையில் எழுந்து நின்று, கைசுவுக்கு ஒரு நோயும் இல்லை, முடியைத்தான் வெட்டினோம், வெட்டியது நான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பிறகு ஒவ்வொருத்தியாக என் பக்கம் வந்து, தங்கள் தலையைக் காட்டி, என்ன களிம்பு, எந்தத் தண்ணீர் என்று காதோடு கேட்டார்கள். நம் சபையில் பிறவித் தங்கம் யார் யார் என்று நான் இத்தனை வருடம் நம்பியிருந்தேனோ, அத்தனை பேரும் வந்தார்கள்.

இனி உன் விஷயம். கடைக்குப் போகாதே, இன்னொரு தடவை வெளுத்தால் சரியாகிவிடும் என்று எவள் சொன்னாலும் நம்பாதே. ஒரு முடியை நனைத்து இழுத்துப் பார். நீண்டு திரும்பிச் சுருங்கினால் நல்லது, மேலே நான் எழுதியபடி பொறுமையாகப் பார்த்துக்கொள், நுனியை மட்டும் அவ்வப்போது வெட்டிக்கொண்டு வா. நீண்டு அறுந்தால் நல்ல கை ஒன்றைப் பார்த்து வெட்டிக்கொள். கடல் தண்ணீரில் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துக்கொள், வெயிலில் தொப்பி போடு. முட்டையை வாயால் சாப்பிடு. பழைய முடி திரும்பக் கிடைக்குமா என்று போனில் கேட்டாய், நீ அழுதுகொண்டிருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. கிடைக்காது கண்ணே. மண்டையிலிருந்து புதிதாக வருவதுதான் வரும், மாதத்துக்கு ஒரு விரல் அகலம் கூட வராது, வருகிறவரை பார்க்கச் சகிக்காது, யாராவது இரண்டு பேர் சிரிப்பார்கள், அதில் ஒருவர் உன் அப்பா. ஆனால் எல்வீரா, நீ உன் சொந்த முடியோடு என் முன்னால் கடைசியாக நின்றது பதினைந்து வயதில். அந்தப் பெண் வளர்ந்து பெரியவளானால் எப்படி இருப்பாள் என்று எனக்கு இதுவரை தெரியாது. சாவதற்குள் ஒரு தடவை அவளைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது.

ஆண்டவர் உன்னைக் காத்து, உன் கைவேலையை ஆசீர்வதித்து, நீ போகும் வழியிலும் வரும் வழியிலும் துணை நிற்பாராக. ராத்திரி படுக்கும் முன் ஜெபம் செய், தலை ஈரத்தோடு படுக்காதே. அடுத்த மாதம் அப்பாவின் பிறந்தநாள், மறக்காமல் போன் செய், இங்கே மணி என்ன என்று பார்த்துவிட்டுச் செய், போன வருடம் நீ கூப்பிட்டபோது அவர் சவுனாவிலிருந்து துண்டோடு ஓடி வந்து வழுக்கி விழுந்தார். அத்தை தன் அன்பைச் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டுப் படகுத் துறைக்குப் போயிருக்கிறாள், துடுப்புப் பழக.

என்றும் உனக்காக மன்றாடும் உன் அம்மா,
சைமி